பட்டனை வரைவது யார்?

திரையில் ஒரு பட்டன். மேலே 'சேமி' என்று எழுதியிருக்கிறது. அழுத்தினால் லேசாக உள்வாங்குகிறது, விரலை எடுத்தால் மேலெழுகிறது, கோப்பு சேமிக்கப்படுகிறது. இதை வரைந்தது யார் என்று கேட்டால் பலரும் இயங்குதளத்தைக் கைகாட்டுவார்கள். விண்டோஸில் அந்தப் பதில் பாதி சரி. லினக்ஸில் முழுக்கத் தவறு.

எம்ஐடியின் அதீனா திட்டத்தில் 1984இல் தொடங்கி, 1987இல் பதினோராம் பதிப்பை எட்டிய, லினக்ஸில் நெடுங்காலம் திரையைக் கவனித்துவந்த எக்ஸ் விண்டோ அமைப்புக்குப் பட்டன் என்றால் என்னவென்றே தெரியாது. செவ்வக ஜன்னல், கோடு, வில், எழுத்து, விசை அழுத்தம், மவுஸ் நகர்வு, இவ்வளவுதான் அதன் உலகம். இன்ன இடத்தில் கோடு போடு என்றால் போடும். இன்ன ஜன்னலின் மேல் மவுஸ் அழுத்தப்பட்டது என்று சொல்லும். அந்தச் செவ்வகம் பட்டனா ஸ்க்ரோல்பாரா என்பதில் அது தலையிடாது. வழியை மட்டும் தருவோம், தோற்றத்தை விதிக்கமாட்டோம் என்பது அதை வடிவமைத்தவர்கள் தெரிந்தே எடுத்த முடிவு. அதனால், ஒரு செவ்வகத்தைப் பட்டனாக நடந்துகொள்ள வைக்கும் வேலை முழுவதும் பயன்பாட்டை எழுதுபவர் தலையில் விழுந்தது. அந்த வேலையை ஒருமுறை செய்து பொதுவில் வைத்ததுதான் டூல்கிட்.

பட்டன், மெனு போன்ற ஒவ்வோர் உறுப்பும் ஒரு விட்ஜெட். டூல்கிட், விட்ஜெட் செட் என்று இரண்டு பெயர்கள் புழங்குவதற்கும் அங்கேதான் காரணம் இருக்கிறது. அன்று இரண்டும் தனித்தனி அடுக்குகள். கீழே எக்ஸ்டி இன்ட்ரின்சிக்ஸ் என்ற நிரலகம். விட்ஜெட் பிறப்பது எப்படி, அதன் தாய் விட்ஜெட் எது, மவுஸ் அழுத்தம் வந்தால் யாரிடம் சேர்ப்பது, நிறமும் எழுத்துருவும் எந்த அமைப்புக் கோப்பிலிருந்து எடுப்பது என்பதெல்லாம் இதன் பொறுப்பு. ஆனால் எக்ஸ்டியை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பட்டன்கூடப் போட முடியாது. பட்டனும் மெனுவும் மேலடுக்கில் இருந்தன: தட்டையான அதீனா விட்ஜெட் செட், ஓரங்களில் நிழல் விழுந்து முப்பரிமாணமாகத் தெரியும் மோட்டிஃப் (1989), சன் நிறுவனமும் ஏடி அண்ட் டியும் முன்னிறுத்திய ஓப்பன் லுக். ஒரே எக்ஸ்டியின் மேல் எந்த செட்டை உட்கார வைத்தாலும் கீழே உள்ள இயக்கம் அதேதான். அதீனாவில் எழுதத் தெரிந்தவர் மோட்டிஃபுக்கு மாறினால் புதிதாகக் கற்பது பெயர்களை மட்டும்.

பின்னால் வந்தவை இரண்டையும் ஒன்றாகப் பிசைந்தன. பெர்க்லியில் படித்துக்கொண்டிருந்த ஸ்பென்சர் கிம்பலும் பீட்டர் மாட்டிஸும் 'கிம்ப்' படத் தொகுப்பியை முதலில் மோட்டிஃபில்தான் எழுதினார்கள். மோட்டிஃப் அப்போது காசு கொடுத்து வாங்க வேண்டிய சரக்கு. அதைக் கழற்றிவிட்டுத் தாங்களே ஒன்றை எழுதினார்கள். அதுதான் கிம்ப் டூல்கிட், சுருக்கமாக ஜிடிகே, 1.0 பதிப்பு 1998இல் வந்தது. நார்வேயில் ஹாவார்ட் நோர்டும் ஐரிக் ஷாம்ப-எங்கும் எழுதிய க்யூட் 1995இல் வெளியானது. கேடிஈ மேசைச்சூழல் அதன் மேல் எழுந்தது. க்யூட்டின் அன்றைய உரிமம் முழுமையான கட்டற்ற உரிமம் இல்லை என்ற சண்டையிலிருந்து 1997இல் க்னோம் என்ற மாற்று மேசைச்சூழல் பிறந்து ஜிடிகேயைக் கையில் எடுத்தது. இன்று லினக்ஸ் மேசைகள் இரண்டு முகாமாக நிற்பதற்கு அடித்தளம் தொழில்நுட்ப வேறுபாடு இல்லை, ஓர் உரிமச் சண்டை. மோட்டிஃப் கட்டற்ற உரிமத்தில் வந்தது 2012இல், கேட்பாரே இல்லாமல் போன பிறகு.

பிசைந்த அடுக்குகள் இப்போது மறுபடி பிரிகின்றன என்பதையும் கவனிக்கலாம். ஜிடிகே 4 பொதுவான டூல்கிட்டாக ஒதுங்கிக்கொள்ள, க்னோமுக்கே உரிய தோற்றமும் விட்ஜெட்டுகளும் லிப்அத்வைதா என்ற தனி நிரலகத்துக்குப் போய்விட்டன. கூகுளின் ஃப்ளட்டரிலும் அடியில் ஓர் இயந்திரம், மேலே ஆண்ட்ராய்டு பாணிக்கு 'மெட்டீரியல்', ஐபோன் பாணிக்கு 'குப்பர்டினோ' என இரண்டு செட். எக்ஸ்டி காலத்துப் பிரிவேதான், பெயர் மட்டும் புதிது.

அழுத்தியதற்கும் நடந்ததற்கும் நடுவே

மவுஸை அழுத்தியதும் செய்தி இயங்குதளத்தின் கர்னல் வழியாக, எக்ஸ் போன்ற டிஸ்ப்ளே சர்வருக்குப் போகிறது. அது எந்த ஜன்னலின் மேல் நடந்தது என்று பார்த்து, அந்தப் பயன்பாட்டின் சாக்கெட்டில் ஓர் ஈவென்ட்டைப் போடுகிறது. பயன்பாட்டுக்குள் ஈவென்ட் லூப் என்ற முடிவில்லாச் சுழற்சி அதற்காகவே காத்திருக்கிறது: அடுத்த ஈவென்ட்டை எடு, உரியவரிடம் கொடு, மறுபடி காத்திரு. டூல்கிட் ஈவென்ட்டில் உள்ள ஆயங்களை வைத்து ஜன்னலின் வேரிலிருந்து கிளை கிளையாக இறங்கி, அந்தப் புள்ளி எந்த விட்ஜெட்டுக்குள் விழுகிறது என்று கண்டுபிடிக்கிறது. பட்டனுக்குள் விழுந்தால் பட்டன் 'அழுந்திய' நிலைக்குப் போய், மவுஸைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதாவது, விரலை எடுக்கும்வரை எல்லா மவுஸ் செய்தியும் தனக்கே வர வேண்டும் என்கிறது.

இந்தப் பிடிப்பில்தான் நுட்பம் இருக்கிறது. அழுத்திய பிறகு மனம் மாறினால் சுட்டியைப் பட்டனுக்கு வெளியே இழுத்து விட்டுவிடலாம், கட்டளை நடக்காது. வெளியே போன சுட்டி அழுத்தியபடியே திரும்பி வந்தால் பட்டன் மறுபடி உள்வாங்கும். உள்ளே வைத்து விட்டால் மட்டுமே 'கிளிக்' என்ற செய்தி நிரலுக்குப் போகும். விசைப்பலகைக்கும் இப்படி ஒழுங்கு உண்டு. டேப் விசையால் பட்டனுக்கு வந்து ஸ்பேஸ் தட்டினால், விண்டோஸில் விசையை விடும்போதுதான் கட்டளை நடக்கும். இதற்கு மேல் முடக்கப்பட்ட நிலை, சுட்டி மேலே மிதக்கும் நிலை, எண்டர் தட்டினால் ஓடும் இயல்புப் பட்டன் நிலை.

கேன்வாஸில் ஒரு செவ்வகம் வரைந்து, மவுஸ் அழுத்தத்தோடு ஒரு ஃபங்ஷனைக் கட்டிவிட்டு 'நானே பட்டன் செய்துவிட்டேன்' என்பவர்களின் பட்டனில் இவற்றில் ஒன்றும் இருக்காது. தொட்டவுடன் நடந்துவிடும், பின்வாங்க வழியில்லை. டேப் விசை அதைத் தாண்டிப் போகும். பார்வையற்றவரின் திரைவாசிப்பான் அந்த இடத்தில் எதுவுமே இல்லை என்று நினைக்கும். நூறு வரியில் முடிகிற வேலை என்று தோன்றுவது ஆயிரம் வரிக்கு நீள்வது இப்படித்தான்.

இன்னொன்று: லேபிளின் எழுத்தை மாற்று என்று நிரல் சொன்னதும் டூல்கிட் உடனே வரைவதில்லை. 'இந்தப் பகுதி பழசாகிவிட்டது' என்று குறித்து வைக்கிறது. கையில் உள்ள ஈவென்ட் முடிந்து கட்டுப்பாடு லூப்புக்குத் திரும்பிய பிறகு, குறித்த பகுதிகளையெல்லாம் சேர்த்து ஒரே மூச்சில் வரைகிறது. பத்து லேபிள் மாறினாலும் ஒரு தடவைதான் வரையும். நல்ல சிக்கனம். ஆனால் புதிதாக எழுதுபவர்கள் முதலில் இடறி விழுவது இதில்தான்.

பட்டனை அழுத்தினால் ஐநூறு கோப்புகளை நகலெடுக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் முன்னேற்றப் பட்டை நகர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கிளிக் ஃபங்ஷனுக்குள் ஒரு ஃபார் லூப் எழுதி, ஒவ்வொரு சுற்றிலும் பட்டையின் மதிப்பைக் கூட்டுகிறார்கள். ஓட்டினால் பட்டை பூஜ்யத்திலேயே நிற்கிறது; கடைசியில் ஒரே தாவலில் நூறுக்குப் போகிறது. நடுவில் ஜன்னலை நகர்த்தவோ மூடவோ முடிவதில்லை. ஃபார் லூப் முடியும்வரை கட்டுப்பாடு ஈவென்ட் லூப்புக்குத் திரும்பவே இல்லை, அதனால் வரைவதற்கும் ஆளில்லை. ஒரு ஜன்னல் 5 விநாடி செய்திகளை எடுக்காமல் கிடந்தால் விண்டோஸ் அதை மங்கலாக்கி 'பதிலளிக்கவில்லை' என்று தலைப்பில் எழுதிவிடும். ஆண்ட்ராய்டும் தொடுகைக்கு 5 விநாடியில் பதில் வராவிட்டால் செயலியை மூடவா என்று கேட்கும்.

இணையத்தில் தேடினால் கிடைக்கும் முதல் வைத்தியம், சுற்றுக்குச் சுற்று 'இப்போதே ஈவென்ட்டுகளைக் கவனி' என்று டூல்கிட்டைத் தட்டி எழுப்புவது. டிகே என்ற டூல்கிட்டில் அப்டேட், க்யூட்டில் ப்ராசஸ்ஈவென்ட்ஸ். பட்டை நகரும். கூடவே பயனர் பொறுமையிழந்து அதே பட்டனை மறுபடி அழுத்தினால், ஓடிக்கொண்டிருக்கும் ஃபங்ஷனுக்குள்ளேயே அதே ஃபங்ஷன் இரண்டாம் முறை தொடங்கும். ஐநூறு கோப்பு நகல் ஒன்றன் மேல் ஒன்றாக ஓடும். ஜன்னலை மூடினால், அழிந்துபோன பட்டையின் மதிப்பைக் கூட்டப் போய் நிரல் விழும். இந்த வைத்தியத்தைத் தவிர்ப்பதே நல்லது. தவிர்க்க முடியாவிட்டால், முதல் வரியிலேயே பட்டனை முடக்கிவிடுங்கள்.

சரியான வழி, கனமான வேலையை வேறொரு த்ரெட்டுக்கு, அதாவது அதே நிரலுக்குள் இணையாக ஓடும் இன்னோர் ஓட்டத்துக்கு, அனுப்புவது. அங்கேயும் ஒரு கண்டிப்பு: அந்தத் த்ரெட் எந்த விட்ஜெட்டையும் நேரடியாகத் தொடக்கூடாது. முடிவை, ஈவென்ட் லூப் ஓடும் மூலத் த்ரெட்டின் வரிசையில் போட வேண்டும், வரைவதை அது பார்த்துக்கொள்ளும். க்யூட்டில் சிக்னலை வரிசையில் இணைப்பது, ஜாவாவின் ஸ்விங் டூல்கிட்டில் இன்வோக்லேட்டர், ஜிடிகேயில் ஐடில்-ஆட், டிகேயில் ஒரு கியூவும் 100 மில்லிவிநாடிக்கு ஒருமுறை அதை எட்டிப்பார்க்கும் ஆஃப்டரும். ஏன் இந்தக் கட்டுப்பாடு? ஈவென்ட்டுகள் கீழிருந்து மேலே ஏறுகின்றன, நிரலின் கட்டளைகள் மேலிருந்து கீழே இறங்குகின்றன. இரு திசையிலும் வருபவர்கள், மற்றவர் குறுக்கிடாமல் இருக்க ஆளுக்கொரு பூட்டைப் பிடித்துக்கொண்டு மற்றவருடைய பூட்டுக்குக் காத்திருந்தால் இருவரும் நகர முடியாது. எத்தனை த்ரெட்டும் விட்ஜெட்டுகளைத் தொடலாம் என்ற எண்ணத்தில் தொடங்கிய ஜாவாவே, ஸ்விங்கில் ஒரே த்ரெட் என்ற விதிக்கு வந்து சேர்ந்தது.

இடம் ஒதுக்குவது

விட்ஜெட்டை இத்தனை பிக்சல் தள்ளி, இத்தனை அகலத்தில் வை என்று எண்ணால் எழுதுவது எளிது. எழுதியவரின் கணினியில் அழகாகவும் இருக்கும். எழுத்துரு மாறினால், மொழி மாறினால், திரை அளவீடு 150 சதவீதமானால் கலைந்துவிடும். இதை விண்டோஸ் தொடக்கத்திலேயே ஓரளவு உணர்ந்திருந்தது. பழைய டயலாக் கோப்புகளில் அளவுகள் பிக்சலில் இல்லை: எழுத்துருவின் சராசரி அகலத்தில் நாலில் ஒரு பங்கு, உயரத்தில் எட்டில் ஒரு பங்கு என்ற தனி அலகில் இருக்கும். எழுத்துரு பெரிதானால் டயலாக்கும் பெரிதாகும். ஆனால் மொழிபெயர்ப்பில் சொல் நீண்டால் அது உதவாது.

இன்றைய லேஅவுட்டுகள் இரண்டு நடையில் வேலை செய்கின்றன. முதல் நடை கீழிருந்து மேலே: ஒவ்வொரு விட்ஜெட்டும் 'எனக்குக் குறைந்தது இவ்வளவு வேண்டும், இவ்வளவு இருந்தால் நல்லது' என்று சொல்கிறது, தாய் அவற்றைக் கூட்டித் தன் தாயிடம் சொல்கிறது. இரண்டாம் நடை மேலிருந்து கீழே: கையில் உள்ள இடத்தை ஜன்னல் பங்கு பிரித்துக் கொடுக்கிறது. மடங்கி வரும் நீண்ட பத்தி மட்டும் இந்தக் கணக்கைக் குழப்பும். அதன் உயரம் அகலத்தைப் பொறுத்தது, அகலமோ முதல் நடையில் இன்னும் தெரியாது. 'இந்த அகலம் கொடுத்தால் எவ்வளவு உயரம் வேண்டும்' என்ற கேள்வியை ஜிடிகே தன் மூன்றாம் பதிப்பில்தான் பொதுவிதியாகச் சேர்த்தது.

பைத்தானோடு வரும் டிகேயில், ஜன்னலைப் பெரிதாக்கினால் உள்ளே உள்ளவை பெரிதாகாமல் மூலையில் சுருண்டு கிடப்பது தினமும் கேட்கும் புகார். கிரிட் லேஅவுட்டில் ஒவ்வொரு வரிசைக்கும் பத்திக்கும் 'வெயிட்' இயல்பாகவே 0. மிச்சமுள்ள இடத்தில் பங்கு கிடையாது என்று பொருள். பத்திக்கு வெயிட் 1 கொடுத்தால் பத்தி விரியும், ஆனால் விட்ஜெட் விரியாது. அது கட்டத்தின் நாலு ஓரத்தையும் பற்றிக்கொள்ள 'ஸ்டிக்கி'யில் நாலு திசையும் தனியாகக் கொடுக்க வேண்டும். விட்ஜெட் ஒரு ஃப்ரேமுக்குள் இருந்தால், அந்த ஃப்ரேமுக்கும் அதன் தாய்க்கும் இதே இரண்டையும் செய்ய வேண்டும். நடுவில் ஒரு படி விட்டுப்போனாலும் விரிதல் அங்கேயே நின்றுவிடும். ஒரே ஃப்ரேமுக்குள் பேக், கிரிட் என்ற இரண்டு லேஅவுட்டையும் கலப்பது அடுத்த தவறு. பழைய பதிப்புகளில் இரண்டும் மாறி மாறி அளவைத் திருத்திக்கொண்டு நிரல் அப்படியே தொங்கிவிடும். டிகே 8.6லிருந்து பிழைச்செய்தி கொடுத்து நின்றுவிடுகிறது.

டயலாக்கில் 'சரி', 'ரத்து' எந்தப் பக்கம் என்பதைக் கையால் அடுக்காதீர்கள். விண்டோஸில் சரி இடப்பக்கம், மேக்கிலும் க்னோமிலும் வலப்பக்கம். க்யூட்டின் பட்டன்பாக்ஸிடம் 'இது ஏற்பு, இது மறுப்பு' என்று மட்டும் சொன்னால் ஊருக்கு ஏற்றபடி அதுவே அடுக்கிக்கொள்ளும்.

இரவலா, சொந்தமா

ஒரே நிரல் பல இயங்குதளங்களில் ஓட வேண்டும் என்றால் டூல்கிட்டின் முன் இரண்டு பாதைகள். இயங்குதளம் வைத்திருக்கும் பட்டனை இரவல் வாங்கலாம். அல்லது வெற்றுச் செவ்வகத்தை மட்டும் வாங்கி எல்லாவற்றையும் தானே வரையலாம்.

1996இல் வந்த முதல் ஜாவாவின் டூல்கிட்டான ஏடபிள்யூடி இரவல் பாதையில் போனது. ஜாவாவில் ஒரு பட்டன் உருவாக்கினால், பின்னால் விண்டோஸிலோ மோட்டிஃபிலோ ஒரு நிஜப் பட்டன் இணையாகப் பிறக்கும். எல்லாத் தளங்களிலும் பொதுவாக இருப்பதைத்தான் தர முடியும் என்பதால் பட்டியல் மெலிந்துபோனது. அட்டவணை இல்லை, கிளை விரியும் மரப்பட்டியல் இல்லை. போதாததற்கு, ஒவ்வொரு தளத்தின் பட்டனுக்கும் தனித்தனிக் கோணல்கள். ஆகவே 1998இல் ஸ்விங் மறு கோடிக்குப் போய் எல்லாவற்றையும் தானே வரைந்தது. இப்போது எங்கும் ஒரே நடத்தை கிடைத்தது. ஆனால் எந்த ஊருக்கும் அந்நியமான முகம். இரண்டையும் கலந்தவர்களுக்கு வேறொரு வேதனை: ஸ்விங் மெனு கீழே விரியும்போது ஏடபிள்யூடி கேன்வாஸ் அதை மறைத்துவிடும். இரவல் விட்ஜெட் தனி ஜன்னல் என்பதால் எப்போதும் மேலேயே நிற்கும். ஜாவா 6இன் ஒரு திருத்தத்தில்தான் அது தீர்ந்தது. இதற்கிடையில் ஐபிஎம், எக்லிப்ஸ் என்ற நிரலாக்கக் கருவிக்காக எஸ்டபிள்யூடியை எழுதி மறுபடி இரவல் பாதைக்கே போனது. தளத்தில் இல்லாததை மட்டும் தானே வரைந்துகொண்டது. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்மார்ட் 1992இல் தொடங்கிய டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸும் இந்த வழிதான்.

க்யூட்டின் உத்தி வேறு. தானே வரைகிறது, ஆனால் விண்டோஸில் 'உன் பட்டனின் தோல் எப்படி இருக்கும், எனக்கு வரைந்து காட்டு' என்று தளத்தின் தீம் நிரலகத்திடம் கேட்டு வாங்கிப் பூசிக்கொள்கிறது. நடத்தை சொந்தம், முகம் இரவல். தளம் புதுப் பதிப்புக்குப் போகும்போது இந்த வேஷம் சில மாதங்கள் லேசாகக் கலைந்து தெரியும். ஃப்ளட்டர் வேஷமே போடுவதில்லை. எல்லாப் பிக்சலும் அதன் கையில். எலக்ட்ரான் ஒரு முழு க்ரோமியம் உலாவியையே பயன்பாட்டுக்குள் கட்டிக்கொண்டு வருகிறது. ஒரே ஒரு பட்டன் கொண்ட பயன்பாடும் நூறு மெகாபைட்டைத் தாண்டும். கணினியில் அப்படி ஐந்து பயன்பாடு திறந்திருந்தால் ஐந்து உலாவி ஓடுகிறது என்று அர்த்தம்.

விண்டோஸில் இரவல் வாங்குவதிலும் ஒரு பொறி உண்டு. எக்ஸ்பி காலத்திலிருந்து, புதிய தோற்றம் வேண்டும் என்றால் நிரலோடு ஒரு மேனிஃபெஸ்ட் குறிப்பு வைத்து 'பொதுக் கட்டுப்பாடுகள் 6ஆம் பதிப்பு வேண்டும்' என்று கேட்க வேண்டும். கேட்காத நிரல்களுக்கு 2000 காலத்துச் சாம்பல் நிறப் பட்டன்தான், இன்றைய விண்டோஸ் 11இலும்.

எழுத்துப்பெட்டிக்குள் தமிழ்

டூல்கிட்டின் கனமான பகுதி எது என்று கேட்டால், எழுத்துப்பெட்டி. ஆங்கிலத்தை மட்டும் வைத்துப் பார்ப்பவருக்கு இது புரியாது. தமிழை உள்ளே போட்டால் ஐந்து நிமிடத்தில் புரியும்.

'பெயர்' என்ற சொல் நினைவகத்தில் ப, ஒற்றைக்கொம்பு, ய, ர, புள்ளி என்ற வரிசையில் கிடக்கிறது. திரையில் கொம்பு பகரத்துக்கு இடப்பக்கம் வர வேண்டும். இந்த இடமாற்றத்தையும், 'கு', 'டு', 'மூ' போன்றவற்றுக்கு எழுத்துருவிலிருந்து தனி வடிவத்தை எடுத்துப் பொருத்துவதையும் செய்வது வடிவமைப்பு இயந்திரம். ஜிடிகே இதற்குப் பாங்கோவையும் அதன் அடியில் ஹார்ஃப்பஸ்ஸையும் நம்பியிருக்கிறது. க்யூட், க்ரோமியம், ஃப்ளட்டர் எல்லாவற்றிலும் ஹார்ஃப்பஸ் உண்டு. லினக்ஸில் டிகே 8.6 அப்படி எதையும் கூப்பிடாமல், எக்ஸ்எஃப்டி என்ற நிரலகம் வழியாக எழுத்தெழுத்தாக வரிசையில் வைத்துவிடுகிறது. கொம்பு பகரத்துக்குப் பின்னால், யகரத்துக்கு முன்னால் வந்து உட்காரும்; படிப்பவர் கண்ணுக்கு அது 'பயெர்'. அதே நிரல் விண்டோஸில் 'பெயர்' என்று சரியாகக் காட்டும், அங்கே எழுத்தை வரைவது இயங்குதளம் என்பதால். எழுதியவர் விண்டோஸில் சோதித்துவிட்டு லினக்ஸ் கணினிகள் உள்ள பள்ளிக்குக் கொடுத்தால் வம்புதான். எழுத்துருவை மாற்றிப் பார்ப்பதால் இது தீராது, கோளாறு எழுத்துருவில் இல்லை. டியர் இம்குயி போன்ற விளையாட்டுக் கருவிகளுக்கான டூல்கிட்டுகளிலும் வடிவமைப்பு இயந்திரம் கிடையாது.

அடுத்தது எண்ணிக்கை. 'தமிழ்' நமக்கு மூன்றெழுத்து, யூனிகோடில் ஐந்து குறியீடு, யூடிஎஃப்-8இல் 15 பைட். எழுத்துப்பெட்டியில் 'அதிகபட்சம் 10' என்று வைத்தால் பெரும்பாலான டூல்கிட்டுகள் குறியீட்டைத்தான் எண்ணும். 'கிருஷ்ணமூர்த்தி' எட்டெழுத்து, ஆனால் 15 குறியீடு. பத்தில் வெட்டினால் கிடைப்பது 'கிருஷ்ணமூர'. கடைசி ரகரத்தின் புள்ளிகூடப் போய்விட்டது. பெயர்ப் புலத்துக்கு 20, 30 என்று ஆங்கிலக் கணக்கில் வைக்கும் வரம்பை இரட்டிப்பாக்குங்கள். அல்லது வரம்பை எடுத்துவிட்டுச் சேமிக்கும்போது எழுத்துத் தொகுதியாக எண்ணிச் சரிபாருங்கள்.

'கொ' இருவிதமாகச் சேமிக்கப்படலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒரே குறியீடாக, அல்லது கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் வேறுபாடு துளியும் தெரியாது. தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. யூனிகோடு இரண்டையும் சமம் என்றே வரையறுத்திருப்பதால், பெட்டியிலிருந்து எடுத்ததும் என்எஃப்சி என்ற ஒருமைப்படுத்திய வடிவத்துக்கு மாற்றிவிட்டால் போதும். ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ளகரமும் தட்டியிருந்தால் மட்டும் இந்த வைத்தியம் பலிக்காது. அது உண்மையிலேயே வேறு சொல்.

பட்டனின் உயரத்தை எண்ணால் கட்டிவைத்தவர்கள் 'கூடுதல்' என்பதன் ஊகாரச் சுழி கீழே வெட்டுப்படுவதைப் பார்த்திருப்பார்கள். அகலத்திலும் இதே கதை: 'சேமி' ஆங்கிலச் சொல்லின் இடத்தில் அடங்கிவிடும், 'முன்னோட்டம்', 'அமைப்புகள்' அடங்காது. ஆல்ட் விசையோடு தட்டும் குறுக்கெழுத்துக்கும் உயிர்மெய் ஒத்துவராது. அதனால்தான் க்னோம் தமிழாக்கங்களில் தமிழ்ச் சொல்லுக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஓர் ஆங்கில எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. பார்க்க நன்றாக இல்லைதான். விசைப்பலகையை மட்டும் நம்பி வேலை செய்பவருக்கு அது தேவை.

நினைவகமும் பட்டியலும்

விட்ஜெட்டுகள் ஒரு மரம். தாயை அழித்தால் பிள்ளைகளும் அழியும். சி, சி++ மொழிகளில் இது வசதி. பைத்தானிலிருந்து கூப்பிடும்போது இரண்டு கணக்குப்பிள்ளைகள் ஒரே கல்லாவைப் பார்ப்பது போலாகிவிடும். டிகேயில் ஒரு படத்தை லேபிளில் வைக்கிறீர்கள். ஃபங்ஷன் முடிந்ததும் லேபிள் வெறுமையாக நிற்கிறது. பிழைச்செய்தி இல்லை. லேபிளுக்குப் போனது படத்தின் பெயர் மட்டும். பைத்தான் பக்கத்தில் படத்தைப் பிடித்திருந்த மாறி மறைந்ததும் படமும் அழிக்கப்பட்டது. படத்தை லேபிளின் ஒரு பண்பாகவே ஒட்டி வைத்தால் சரியாகிவிடும். க்யூட்டில் புது ஜன்னல் மின்னல் போலத் தோன்றி மறைந்தாலும் இதே காரணம்தான்.

லட்சம் வரி உள்ள அட்டவணைக்கு வரிக்கொரு விட்ஜெட் போட்டால் கணினி மூச்சுத் திணறும். திரையில் தெரிவது முப்பது வரி. அந்த முப்பதை மட்டும் உருவாக்கி, உருட்டும்போது அதே முப்பதில் புதுத் தரவை ஊற்றுவதுதான் எல்லா டூல்கிட்டும் கண்ட விடை. க்யூட்டின் மாடல்-வியூ, ஆண்ட்ராய்டின் ரீசைக்ளர்வியூ, ஜிடிகே 4இன் லிஸ்ட்வியூ மூன்றும் அதே யோசனை.

எதை எடுப்பது

உரிமத்தை முதலில் பாருங்கள், கடைசியில் இல்லை. பைத்தானில் க்யூட்டைக் கூப்பிட இரண்டு பாலங்கள் உண்டு. பைக்யூட் ஜிபிஎல் (உங்கள் மூலநிரலையும் தரச் சொல்லும் உரிமம்) அல்லது காசு, பைசைடு எல்ஜிபிஎல் (அதைவிடத் தளர்ந்தது). மூலநிரலைத் தராமல் விற்கப்போகும் மென்பொருளைப் பைக்யூட்டில் எழுதிவிட்டு, விற்கும் நாளில் உரிமத்தைத் தேடுபவர்கள் உண்டு. ஜிடிகே எல்ஜிபிஎல். டிகேயும் ஃப்ளட்டரும் பிஎஸ்டி பாணி, பெரிய நிபந்தனை ஏதுமில்லை.

திரைவாசிப்பான் அடுத்து. விண்டோஸில் என்விடிஏ, லினக்ஸில் ஆர்கா, மேக்கில் வாய்ஸ்ஓவர். இரவல் விட்ஜெட்டுகளுக்கு இந்த ஆதரவு தளத்தோடு சேர்ந்தே வருகிறது. தானே வரையும் டூல்கிட் 'இங்கே ஒரு பட்டன், பெயர் சேமி, இப்போது முடக்கப்பட்டுள்ளது' என்ற இணை மரத்தைத் தனியாகக் கட்டித் தர வேண்டும். க்யூட், ஜிடிகே, ஃப்ளட்டர் கட்டித் தருகின்றன. லினக்ஸில் டிகே நெடுங்காலம் கட்டவில்லை. அரசு அலுவலகத்துக்கோ வங்கிக்கோ எழுதுகிறீர்கள் என்றால் இது ஒன்றே டிகேயை விலக்கப் போதுமான காரணம்.

நமக்கு நாமே எழுதிக்கொள்ளும் சின்னக் கருவிக்கு டிகே தாராளம். பைத்தானோடு அநேகமாகக் கூடவே வருகிறது. பல கணினிகளில் ஓட வேண்டிய கணக்கு மென்பொருள், பெரிய அட்டவணைகள், அச்சு, தமிழ் எல்லாம் வேண்டும் என்றால் பைசைடு வழியாக க்யூட். க்னோம் மேசைக்கு மட்டும் என்றால் ஜிடிகே 4. கைபேசியும் கணினியும் ஒரே நிரலில் என்றால் ஃப்ளட்டர். இணையத்துக்கு எழுதிப் பழகிய குழு கையில் இருந்தால் எலக்ட்ரானுக்குப் போவதில் வெட்கமில்லை, அளவைப் பொறுத்துக்கொள்ள முடியுமானால்.

முடிவெடுக்கும் முன் அரை மணி நேரம் ஒதுக்கி ஒரு வெற்று ஜன்னல் செய்யுங்கள். ஒரு எழுத்துப்பெட்டி, ஒரு பட்டன், பத்தாயிரம் வரியில் ஒரு பட்டியல். பெட்டியில் 'கொடுமுடி கிருஷ்ணமூர்த்தி' என்று தட்டி, பின்விசையால் ஒவ்வொன்றாக அழித்து, கர்சர் எழுத்துக்கு நடுவில் போய் நிற்கிறதா பாருங்கள். அந்தப் பெயரை மறுபடி தட்டி, நகலெடுத்து, வேறொரு பயன்பாட்டில் ஒட்டுங்கள். திரை அளவீட்டை 150 சதவீதமாக்கி மறுபடி திறங்கள். மவுஸை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, டேப் விசையால் மட்டும் பட்டனை அடைந்து அழுத்திப் பாருங்கள். கடைசியாகத் திரைவாசிப்பானை ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அதே பட்டனைத் தேடுங்கள்.